முக்கால் முழ நூல்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் ஓர் உலக உருண்டை இருக்கிறது. பன்னிரண்டு அங்குல விட்டம். அதில் சோவியத் ஒன்றியம் இன்னும் ஒரே இளஞ்சிவப்பு நிறத்தில் விரிந்து கிடக்கிறது. அப்பா உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் புவியியல் கற்பித்தவர். கும்பகோணத்தைத் தாண்டி அவர் அதிகம் போனதில்லை. ஒருமுறை கன்னியாகுமரி, இருமுறை சென்னை, அத்தையின் திருமணத்துக்குத் தூத்துக்குடி. ஆனால் ஓப் ஆறு எந்தக் கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

1999ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அண்ணனுக்குக் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் வேலை கிடைத்தது. கணினிகள் இரண்டாயிரமாவது ஆண்டைத் தாங்குமா என்று உலகமே அஞ்சிக்கொண்டிருந்த காலம். எங்கள் தெருவிலிருந்து மட்டும் மூன்று பேர் அந்த அச்சத்தின் புண்ணியத்தில் விமானம் ஏறினார்கள். கடிதம் வந்த அன்று இரவு அப்பா உருண்டையை இறக்கித் துடைத்தார். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் ஒன்றை எடுத்துக் கும்பகோணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சான் ஹோசேவுக்கு இழுத்தார். தளர்வு இல்லாமல் இழுத்ததும் நூல் தானாகவே ஒரு வழியைத் தேர்ந்துகொண்டது.

நான் அப்போது இளங்கலை மாணவி. அமெரிக்கா கிழக்கே, பசிபிக்கைத் தாண்டி இருக்கிறது என்பதுதான் என் மனப்படம். நூலோ கிழக்கே போகவே இல்லை. வடக்கு நோக்கிப் புறப்பட்டுச் சற்றே கிழக்கில் சாய்ந்து, எவரெஸ்ட் நிற்கும் பகுதியில் இமயத்தைக் கடந்து, திபெத், மங்கோலியா, பைக்கால் ஏரியின் வடமுனை என ஏறி, ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளே சைபீரியாவின் கிழக்கு மூலையைத் தொட்டு, அலாஸ்காவில் இறங்கிக் கலிஃபோர்னியாவை அடைந்தது. எனக்கு அது ஏதோ தவறு என்று பட்டது. அப்பாவுக்கு வகுப்பெடுக்க வாய்ப்புக் கிடைத்த மகிழ்ச்சி. சுவரில் மாட்டும் உலகப்படம் மெர்கேட்டர் 1569இல் மாலுமிகளுக்காகச் செய்த முறையில் வந்தது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு அதில் நேர்கோடு கிடைக்கும். ஆனால் அந்த நேர்கோடு குறுக்குவழி அன்று. உருண்டையின் மேல் குறுக்குவழி என்பது இப்படி வளைந்து துருவத்தின் பக்கம் ஏறித்தான் இறங்கும் என்றார்.

பிறகு நூலை அளவுகோலில் வைத்தார். 34 செ.மீ. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. இந்த எண் இவ்வளவு முழுமையாக இருப்பது தற்செயல் அன்று. 1790களில் பிரெஞ்சுக்காரர்கள் மீட்டர் என்ற அளவை உருவாக்கியபோது, வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தின் ஒரு கோடியில் ஒரு பங்கு என்றே அதை வைத்தார்கள். உருண்டையின் சுற்றளவு 96 செ.மீ. ஆகவே 34 செ.மீ. நூல் என்பது ஏறத்தாழ 14,200 கி.மீ. "பூமியில் எந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல இருபதாயிரத்துக்கு மேல தூரம் கிடையாதுடா. அதுக்கு மேல போனா திரும்பி வரத் தொடங்கிடுவ" என்று அண்ணனிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அம்மா நூலை வாங்கிக் கையில் வைத்து அளந்து பார்த்தாள். "முக்கால் முழந்தானா? பூ வாங்குனாக்கூட ஒரு முழம் வாங்குவோமே" என்றாள்.

விமானம் மணிக்கு 900 கி.மீ. பறக்கும். 14,200ஐ 900ஆல் வகுத்தால் பதினாறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அப்பா அதைத் தாளில் வகுத்துக் காட்டினார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அண்ணன் இருந்த இடம் பதினாறு மணி நேரத் தொலைவு என்று ஆகிவிட்டது. அண்ணனும் தொலைபேசியில் அதையே சொல்லுவான். "என்னப்பா பெரிய தூரம்? கூப்பிட்டா மறுநாள் அங்க இருப்பேன்."

பழந்தமிழ்க் கணக்கில் தூரத்தையும் காலத்தையும் ஒரே அளவையால் சொல்லும் வழக்கம் உண்டு. நாழிகை என்பது 24 நிமிடம். நாழிகை வழி என்பது அந்த நேரத்தில் ஒருவன் நடந்து கடக்கும் தூரம். ஏழரை நாழிகை வழி ஒரு காதம். நடப்பவன் காலும் கடிகாரமும் ஒன்றாக இருந்தவரை இந்தக் கணக்கில் பிழை இல்லை. விமானத்துக்கு இது பொருந்தாது. எங்கள் வீட்டில் அதைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம், இருபத்து நான்கு ஆண்டுகள்.

முதலாவதாக, அந்த நூலின் மேல் எந்த விமானமும் பறப்பதில்லை. திபெத் பீடபூமியின் மேல் பயணிகள் விமானங்கள் போவதைக் கூடுமானவரை தவிர்க்கிறார்கள். உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டால், மூச்சுவிடக்கூடிய உயரத்துக்கு, ஏறக்குறைய பத்தாயிரம் அடிக்கு, உடனே இறங்கியாக வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரத்தில் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்ய வானம் அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. அப்பாவின் நூலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த இளஞ்சிவப்பு நிறத்தின் மேல்தான் கிடந்தது. அடுத்து, கும்பகோணத்தில் விமான நிலையம் இல்லை. திருச்சிக்கு வர வேண்டும். திருச்சிக்கு அமெரிக்காவிலிருந்து நேராக எதுவும் வருவதில்லை. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் 13,600 கி.மீ., அங்கிருந்து திருச்சி 3,000 கி.மீ. ஆக 16,600. மேலும், அந்த வடபகுதிகளில் உயரே காற்று மேற்கிலிருந்து கிழக்காகவே வீசுகிறது. அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் விமானம் அதை எதிர்த்து வர வேண்டும். பதினேழு மணி நேரம் ஆகும். திரும்பிப் போகும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். இரண்டு மணி நேரம் வரை மிச்சம். எங்களை விட்டுப் போவது எப்போதும் வருவதைவிட விரைவாகவே நடந்தது.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாகவே நேராகப் பறந்து வந்தபோது, செய்தித்தாளிலிருந்து அந்தச் செய்தியைக் கத்தரித்து உருண்டையின் அடியில் வைத்தார். "நம்ம நூலைவிடக் கொஞ்சம் வடக்கால வந்திருக்காங்க. காத்துக்காக இருக்கும்" என்றார். எண்பது வயதில் அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அம்மா அப்போது இல்லை. நூல் மட்டும் அவருடைய பழைய ஜியோமெட்ரி பெட்டிக்குள், இரண்டு முனையிலும் முடிச்சோடு, இருந்தது.

2023 டிசம்பர் 19, செவ்வாய்க்கிழமை, விடிகாலை நான்கு பத்துக்கு அப்பா போனார். மூச்சுத் திணறல் என்று எழுந்து உட்கார்ந்தவர், தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். அண்ணனை அழைத்தபோது அங்கே திங்கட்கிழமை பிற்பகல் இரண்டே முக்கால். அலுவலகத்தில் இருந்தான். பதின்மூன்றரை மணி நேர வேறுபாடு. அவனுடைய நாட்காட்டியில் அப்பா ஒரு நாள் முன்னதாகவே இறந்திருந்தார். ஆனால் நம் பஞ்சாங்கம் கிழமையைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறது. அந்தக் கணக்கில் கும்பகோணத்திலும் அப்போது திங்கட்கிழமைதான். திதி என்பது நிலவு நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அது எல்லா ஊருக்கும் அந்த நொடியில் ஒன்றே. பிறகொரு நாள் புரோகிதர் இதை விளக்கியபோது அண்ணனுக்கு அதில் ஏனோ பெரிய ஆறுதல் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் அவன் திரும்ப அழைத்தான். இரவு பதினொரு மணிக்குச் சிங்கப்பூர் விமானத்தில் இடம் கிடைத்திருந்தது. அங்கிருந்து திருச்சி. "எல்லாம் சரியா நடந்தா புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்ல இருப்பேன். அவங்களை வச்சிருக்கச் சொல்லு." அவன் குரலில் பதினாறு மணி நேரம் என்ற பேச்சே இல்லை.

பெரியப்பா ஆறு மணிக்கு வந்துவிட்டார். அப்பாவைவிட நான்கு வயது மூத்தவர்; தடியை ஊன்றித் திண்ணையில் உட்கார்ந்தவர் முதலில் கேட்டது இதுதான். "அம்மாடி, அண்ணன் எப்ப வந்து சேருவான்? சரியாச் சொல்லு. ஊருக்குச் சொல்லணும்."

உள்ளே ஃப்ரீசர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற சித்தப்பா ஒருவர், "ரெண்டாம் நாள் சாயங்காலம் வரைக்கும்லாம் வைக்கக் கூடாது. பெரியவரு மகன் இருக்கான்ல, அவன் வைக்கட்டும் கொள்ளி" என்று யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. ஐந்து மணி என்று சொன்னால் இவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. மார்கழியில் எங்கள் ஊரில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஐந்துக்கு வந்தால் எப்போது குளிப்பாட்டி, எப்போது எடுப்பது?

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடும் பெரியப்பா" என்றேன்.

நான் ஆண்டுதோறும் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையை நடத்துகிறேன். புகாரிலிருந்து புறப்பட்டு ஒரு காதம் நடந்ததுமே, கவுந்தியடிகளின் பள்ளி இருக்கும் சோலையில், கால் நொந்த கண்ணகி மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காதம் என்று சொல்ல மனம் வராத கோவலன் அதை ஆறைந்து என்று உடைத்துச் சொல்கிறான். அருகில்தான் என்றும் சொல்லிச் சிரிக்கிறான். தூரத்தைச் சிறிதாக்கிக் காட்டும் அன்பு என்று இதை நான் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். கார்காலம் வந்தும் வராத தலைவனுக்காக வாடுபவளிடம், இது கார்காலமே அன்று, காலம் தப்பிப் பெய்த மழை என்று தோழி சாதிக்கும் பாடல்களும் நம்மிடம் பல உண்டு. அகத்துறையில் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. இவை எதுவும் அன்று காலை என் நினைவில் இல்லை. பிறகு, மிகவும் பிறகு, அந்தப் பாடத்துக்கு வந்தபோதுதான் சுண்ணக்கட்டியோடு சற்று நேரம் நின்றுவிட்டேன்.

பெரியப்பா புதன்கிழமை இரண்டு மணிக்கு எடுப்பது என்று முடிவு செய்தார். எல்லாருக்கும் அப்படியே சொல்லப்பட்டது. தூத்துக்குடி அத்தைக்கும் சொன்னோம். அவளால் வர முடியவில்லை. அதற்கு முந்தைய இரண்டு நாள்களில்தான் தாமிரபரணிக் கரை மாவட்டங்களில் அந்தப் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்திருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. அத்தை வீட்டின் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். முந்நூறு சொச்சம் கி.மீ. தூரத்திலிருந்து உடன்பிறந்தவளால் வர இயலவில்லை. உருண்டையின் மறுபக்கத்திலிருந்து மகன் வந்துகொண்டிருந்தான். "என்னைப் பாக்காதீங்க, எடுத்துடுங்க" என்று அவள் தொலைபேசியில் சொன்னதைப் பெரியப்பா எல்லார் முன்னாலும் திரும்பச் சொன்னார். அது எனக்கானது என்று நினைக்கிறேன்.

அன்றிரவு முழுவதும் கைப்பேசித் திரையில் அண்ணனின் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலத்தின் மேல் ஒரு சிறிய மஞ்சள் குறி. ஜப்பானை நோக்கி, பிறகு பிலிப்பைன்ஸை நோக்கி. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அதே இடத்தில் நிற்பது போலவே இருக்கும். பக்கத்தில் பெட்டியின் மோட்டார் ஓடி நின்று, மறுபடி ஓடும். மாமன் மகள் வந்து, "அண்ணன் எங்க இருக்கு இப்ப?" என்று கேட்பாள். நான் ஒரு கடலின் பெயரைச் சொல்வேன்.

புதன் காலை ஐந்தரைக்குச் சிங்கப்பூரில் இறங்கினான். அடுத்த விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று செய்தி அனுப்பினான். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பெரியப்பா கேட்டார். "திருச்சி வந்துட்டானா?" வந்துகொண்டிருக்கிறான் என்றேன். ஒரு மணிக்குக் கேட்டார். இரண்டு மணிக்கு மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இரண்டே முக்காலுக்குத்தான் விமானம் திருச்சியில் இறங்கியது. மூன்றரைக்கு வெளியே வந்து, "கார்ல ஏறிட்டேன்" என்றான். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாக எங்கள் ஊர் நூறு கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. சாலை அப்படி. இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து யாரும் வந்ததில்லை.

பெரியப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். "மத்தியானம்னுதான சொன்ன? விளக்கு வைக்கிறதுக்குள்ள முடிக்கணும் அம்மாடி. அங்க கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்றேன், நேரா அங்க வரச் சொல்லிடு" என்றார். நாலரைக்கு எடுத்தார்கள். எங்கள் வழக்கில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். திரும்பினேன்.

மிச்சத்தை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். காவிரிக்கரையில் ஐந்தரை வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகு வெட்டியான், இனி விறகு அடுக்கினால்தான் வெளிச்சத்தில் முடியும் என்றாராம். வாய்க்கரிசி முடிந்து, முகத்தின் மேல் வறட்டி வைத்து மூடினார்கள். அண்ணனின் கார் வந்து நின்றபோது ஐந்து நாற்பது. காலணியோடு ஓடி வந்தவனிடம் பெரியப்பா மகன் கொள்ளிச் சட்டியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். மூடிய முகத்தைத் திறக்கக் கூடாது என்றார் ஒருவர். திறந்தால் என்ன என்றார் இன்னொருவர். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லையாம்.

முப்பத்தேழரை மணி நேரம். வானில் கழிந்தது இருபத்தொன்று. மிச்சமெல்லாம் இருக்கை தேடியும் வரிசையில் நின்றும் தஞ்சாவூர்ப் புறவழிச் சாலையிலும் கழிந்தவை. நாழிகையில் சொன்னால் தொண்ணூற்று நான்கு. இதை நான் பலமுறை கணக்கிட்டிருக்கிறேன். வேறொரு கணக்கையும் போட்டிருக்கிறேன். செவ்வாய் காலையிலேயே நான் ஐந்து மணி என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை, சரி, வியாழக்கிழமை காலை எடுக்கலாம் என்றே பெரியப்பா சொல்லியிருப்பார், பெட்டிதான் இருந்ததே. மேளமும் உறவும் இரண்டு மணிக்கு வந்து காத்திருந்திராவிட்டால் அந்த அவசரமே எழுந்திராது. ஒருவேளை சித்தப்பா சொன்னது நடந்து, செவ்வாய் மாலையே எல்லாம் முடிந்திருக்கும். பெரியப்பாவும் மறு ஆண்டு போய்விட்டார். கேட்க ஆளில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு அண்ணன் அலமாரியிலிருந்து உருண்டையை இறக்கினான். ஜியோமெட்ரி பெட்டி எங்கே என்று கேட்டான்; கொடுத்தேன். நூலை எடுத்து, ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, அப்பா இழுத்தது போலவே இழுத்தான். நூல் பழுத்துப்போயிருந்தது, மிகவும் மெதுவாகத்தான் இழுத்தான். எவரெஸ்டைக் கடக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டான்.

"பெரியப்பா ஏன் மத்தியானம்னு நெனச்சுக்கிட்டாரு? நான் அஞ்சு மணின்னுதான சொன்னேன்?"

"தெரியல அண்ணே" என்றேன். "நானும் அஞ்சுன்னுதான் சொன்னேன்."

தலையசைத்தான். நூலைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தான். இரண்டு நாள் கழித்துப் புறப்பட்டுப் போனான். சேர்ந்ததும் செய்தி அனுப்பினான்: காற்று நல்ல காற்று, சிங்கப்பூரிலிருந்து பதினைந்து மணி நேரம்கூட ஆகவில்லை என்று.

நான் இங்கே எழுதுவதையெல்லாம் அவன் படிக்கிறான். மதிய உணவு வேளையில், ஓரிரு நாள் தாமதமாக, படித்துவிட்டு எழுத்துப்பிழைகளைச் சுட்டி அனுப்புவான். நான் பெரியப்பாவிடம் மத்தியானம் என்றுதான் சொன்னேன், அண்ணே.